ஒப்பரேஷனைக் கெடுத்தது நோயாளியா?

மலையகத்தில் மூக்கு ஒப்பரேஷன் செய்துகொண்டு வந்த ஒருவருக்கு நாலு மாதத்தில் மூக்கு மறுபடி அடைத்துக்கொண்டால், தீர்ப்பு உடனே வந்துவிடும். "சொன்னபடி நடந்திருக்க மாட்டா." "கிளினிக்குக்கு ஒழுங்காப் போயிருக்க மாட்டா." "தோட்டத்துச் சனத்துக்கு எவ்வளவு செஞ்சாலும் இதுதான்." வார்ட்டில் இப்படிச் சொல்கிறார்கள், தோட்டத்து ஒபிஸில் சொல்கிறார்கள், தோட்டத்தில் பிறந்து படித்து டவுனில் வீடு கட்டிக்கொண்ட நம்மவர்களும் அதையே சொல்கிறார்கள். லயத்துக்குள் வந்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். "மூக்கில கத்தி வச்சா சதை முன்னையை விடக் கூடத்தான் வளரும். அந்தப் பக்கமே போகாதே."

முன்னது நோயாளியைக் குற்றவாளியாக்குகிறது. பின்னது வைத்தியத்தையே குற்றவாளியாக்குகிறது. ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தெரிந்தாலும் இரண்டும் ஒரே குறையைத்தான் மறைக்கின்றன. இந்தச் சத்திரசிகிச்சையால் எது தீரும், எது தீராது, தீராததற்கு வீட்டுக்குப் போய் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கையெழுத்து வாங்குவதற்கு முன் யாரும் நோயாளிக்குத் தமிழில் சொல்வதில்லை. சொல்லாத பத்தியத்தை மீறிவிட்டதாக ஒருவர் மேல் எப்படிக் குற்றம் சுமத்துவது?

எனக்கு நன்கு தெரிந்த ஓர் அக்கா இருக்கிறார். பொகவந்தலாவைப் பக்கம் தோட்டம். மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தவரை, இடுப்பு வலி வந்த பிறகு பெக்டரியில் சல்லடைக் காம்பராவுக்கு மாற்றினார்கள். காய்ந்த தேயிலையைத் தரம் பிரிக்கும் இடம் அது. மெசின் ஓடத் தொடங்கினால் பல்பு வெளிச்சமே மங்கும் அளவுக்கு மெல்லிய தூசி எழும். சேலைத் தலைப்பை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டுதான் வேலை. சில வருடங்களில் இரண்டு மூக்கும் அடைத்தன. வாயால் மூச்சுவிட்டு இரவெல்லாம் தொண்டை காய்ந்தது. அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் "நடு எலும்பு வளைஞ்சிருக்கு, சதையும் இருக்கு" என்று சொல்லி ஒப்பரேஷனுக்குத் திகதி கொடுத்தார்கள்.

மூக்கில் அடைத்து வைத்த துணியை எடுத்த அன்று, "காத்து உள்ள போறது இப்படித்தான் இருக்கும்னு மறந்தே போச்சு" என்று சிரித்தார். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது ஆங்கிலத்தில் எழுதிய டயக்னோசிஸ் கார்ட் ஒன்றும் மூக்குக்குள் அடிக்கும் ஸ்ப்ரே ஒன்றும் கொடுத்தார்கள். அந்தப் போத்தல் முடிந்ததும் அவர் நிறுத்திவிட்டார். மூக்குத்தான் திறந்துவிட்டதே, இனி எதற்கு? மாதக்கணக்கில் அடிக்க வேண்டிய மருந்து அது என்பது அவருக்குத் தெரியாது. இரண்டு கிழமை மெடிக்கல் லீவு முடிந்து அதே சல்லடைக் காம்பராவுக்குப் போனார். மழை மாதங்கள் கழிவதற்குள் ஒரு பக்கம் அடைத்தது, பிறகு மறுபக்கமும். டவுனில் பார்மசிக்காரர் கொடுத்த சொட்டு மருந்தை விட்டதும் ஐந்து நிமிடத்தில் மூக்கு திறந்தது. அதையே நாளுக்கு மூன்று தடவை, மாதக்கணக்கில் விட்டார். இப்படிப்பட்ட சொட்டு மருந்துகளை ஒரு கிழமைக்கு மேல் விட்டால் மருந்தே அடைப்பைக் கூட்டும் என்று எந்த வைத்திய நூலைப் புரட்டினாலும் இருக்கும். அக்காவிடம் யாரும் சொல்லவில்லை.

கிளினிக்கில் மூக்குக்குள் லைட் அடித்துப் பார்த்த இளம் டொக்டர், சுவர் நேராக இருக்கிறது, ஒப்பரேஷன் நன்றாகத்தான் நடந்திருக்கிறது என்றார். "அப்ப எனக்கு ஏன் மூச்சு வரல?" என்று கேட்க அக்காவுக்குச் சிங்களம் போதவில்லை. லயத்துக்குத் திரும்பியதும் "நான் அப்பவே சொன்னேன்ல, சதை திரும்ப வளர்ந்திருச்சு" என்றார்கள். தோட்டத்து ஒபிஸில் "இவங்க ஒண்ணும் ஒழுங்கா செய்ய மாட்டாங்க" என்றார்கள்.

இப்போது அந்தத் தீர்ப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

மூக்கு ஒப்பரேஷன் பயனற்றது என்பது முதலாவது. இது பொய். நடுச்சுவர் வளைந்து அடைப்பு உள்ளவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சத்திரசிகிச்சையும் மறு பிரிவுக்கு அது இல்லாத வைத்தியமும் கொடுத்து ஒப்பிட்ட இரண்டு பெரிய ஆய்வுகள் அண்மையில் வந்தன. நெதர்லாந்தில் 203 பேரைப் பார்த்த ஆய்வு 2019இல் லான்செட் இதழில் வெளியானது. பிரித்தானியாவில் 378 பேரைப் பார்த்த ஆய்வு 2023இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்தது. இரண்டிலும் சத்திரசிகிச்சை பெற்றவர்களே தெளிவாக மேலான நிலையில் இருந்தார்கள். பிரித்தானிய ஆய்வில் மூக்குத் தொல்லையை 0 முதல் 110 வரை அளந்தார்கள். எண் குறையக் குறைய நல்லது. ஆறு மாதத்தில் ஒப்பரேஷன் செய்தவர்களின் சராசரி 19.9, ஸ்ப்ரேயும் உப்புத் தண்ணீரும் மட்டும் பாவித்தவர்களின் சராசரி 39.5. ஆகவே, அந்தப் பக்கமே போகாதே என்று பயமுறுத்துகிறவர்கள் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய சுகத்தைத் தட்டிப் பறிக்கிறார்கள்.

ஆனால் அந்த ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்கள், அடைப்புக்குக் காரணம் வளைந்த சுவர்தான் என்று பார்த்துத் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள். சுவர் ஓரளவு வளைந்திருப்பது உலகத்தில் பெரும்பாலானோருக்கு உண்டு. அவர்களில் பலருக்கு ஒரு தொல்லையும் இல்லை. மூக்கின் இரு பக்கச் சுவர்களிலும் சதை மூடிய மடிப்புகள் எல்லாருக்கும் இருக்கின்றன. உள்ளே போகும் காற்றைச் சூடாக்கி ஈரமாக்குவது அவற்றின் வேலை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம் வீங்கி மறுபக்கம் சுருங்குவது அவற்றின் இயல்பு. கண்ணாடியில் பார்த்துச் சதை வளர்ந்திருக்கிறது என்று பலர் பயப்படுவது இந்தப் பிறவிச் சதையைத்தான். ஒவ்வாமை இருந்தால் இது நிரந்தரமாக வீங்கிக் கிடக்கும். அழற்சியால் உள்ளே வெளிறிய, வலி தெரியாத வளர்ச்சிகள் தொங்குவது வேறொரு நோய். சுவரை நேராக்குவது ஒரு வேலை, வீங்கிய மடிப்பைச் சிறிதாக்குவது இன்னொரு வேலை, வளர்ச்சியை எடுத்து சைனஸ் வாயைத் திறப்பது மூன்றாவது வேலை. இந்த மூன்றில் எதுவும் ஒவ்வாமையைக் குணமாக்காது.

கான் வெட்டுகிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும். கானை அகலமாக வெட்டினால் தண்ணீர் ஓடும். மேலே மண் சரிந்துகொண்டே இருந்தால் அடுத்த மழைக்குக் கான் தூர்ந்துவிடும். அதற்குக் கான் வெட்டியவனையும் குறை சொல்ல முடியாது, கானையும் குறை சொல்ல முடியாது.

நோயாளியின் கவனக்குறைவால்தான் திரும்ப வருகிறது என்பது இரண்டாவது தீர்ப்பு. பெல்ஜியத்தில் கென்ட் நகரத்து வைத்தியர்கள், மூக்கு வளர்ச்சிக்கு எண்டோஸ்கோப் சத்திரசிகிச்சை செய்தவர்களைப் பன்னிரண்டு வருடம் விடாமல் பின்தொடர்ந்து, 2019இல் கணக்கை வெளியிட்டார்கள். கடைசிவரை பார்க்க முடிந்த 38 பேரில் ஏறக்குறைய ஐந்தில் நால்வருக்கு வளர்ச்சி திரும்ப வந்திருந்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோருக்கு மறுபடியும் சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வந்தது. அப்படியிருந்தும் அவர்களின் தொல்லை ஒப்பரேஷனுக்கு முன்பிருந்ததை விடக் குறைவாகவே இருந்தது. அந்த 38 பேரும் மிலாறு விறகு எரித்துச் சமைத்தவர்கள் அல்ல, சல்லடைக் காம்பராவில் நின்றவர்களும் அல்ல. மருந்து கையில் இருக்க, பெரிய ஆஸ்பத்திரி ஊரிலேயே இருக்க, அவர்களுக்கும் திரும்ப வந்தது. அங்கே வந்தால் அது நோயின் குணம், இங்கே வந்தால் மட்டும் அது தோட்டத்தாரின் குணமா?

கவனம் என்று எதைக் கேட்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். "தூசி, புகையிலிருந்து விலகி இருங்கள்" என்று கார்டில் ஒரு வரி இருக்கும். எங்கே விலகுவது? பத்தடிக் காம்பராவும் அதை ஒட்டிய குசினியும்தான் வீடு. கவாத்து வெட்டிய மலையிலிருந்து தலையில் சுமந்து வந்த ஈர மிலாறு அடுப்பில் புகைந்தால், அந்தப் புகை படுக்கும் இடத்துக்குத்தான் வரும். நுவரெலியா கடல் மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர். இந்த மலைக் குளிருக்குக் கதவைச் சாத்தாமல் இருக்கவும் முடியாது. சுவரில் ஈரம், போர்வையில் பூஞ்சணம்.

தேயிலைத் தூசி மூச்சைக் கெடுக்கும் என்பதும் நேற்றுக் கண்டுபிடித்த விசயமல்ல. கொழும்பில் வேலை செய்த அல்டோ கஸ்டெல்லானியும் சால்மர்ஸும் எழுதிய வெப்பமண்டல வைத்தியக் கைந்நூலின் 1919ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே தேயிலைத் தொழிற்சாலை இருமல் குறிக்கப்பட்டிருக்கிறது. நம் நாட்டு நெஞ்சு நோய் வைத்தியர் சி. ஜி. ஊரகொட 1970இல் தேயிலை தயாரிப்போருக்கு வரும் ஆஸ்துமாவைப் பற்றியும், 1980இல் தேயிலைத் தொழிலாளரின் சுவாச நோய்களைப் பற்றியும் சர்வதேச வைத்திய இதழ்களில் எழுதினார். வேலைத்தலத்துத் தூசியை அகற்றும் பொறுப்பை 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் முதலாளி மேல்தான் வைத்திருக்கிறது. நூறு வருடமாக எழுதப்பட்டிருக்கிற காரணத்தை விட்டுவிட்டு, சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்ட பெண்ணிடம் போய் "நீ கவனமாக இல்லை" என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

மூன்றாவது, கிளினிக்குக்கு வருவதில்லை. உண்மைதான், பலர் வருவதில்லை. ஒப்பரேஷனுக்குப் பிறகு மூக்குக்குள் உறையும் பொருக்கை எடுக்க வேண்டும், ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஸ்ப்ரேயைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். இதைத் தவறவிட்டால் நல்ல ஒப்பரேஷனும் கெடும். அப்படியானால் ஏன் வருவதில்லை என்று கேட்க வேண்டாமா? பொகவந்தலாவையிலிருந்து கண்டிக்குப் போக வேண்டுமென்றால், விடியுமுன் நோர்வூட், டிக்கோயா வழியாக ஹட்டனுக்கு ஒரு பஸ். பிறகு கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை என்று இன்னொரு பஸ். நுவரெலியாவுக்கு என்றால் தலவாக்கலை, நானுஓயா வழி. நம்பர் எடுத்து உட்கார்ந்து, பத்து நிமிடம் டொக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது இருட்டிவிடும். அன்றைக்குப் பேர் விழாது, அந்த நாள் சம்பளமும் கிடையாது. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்தபடி நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அது போக பஸ் காசு, சாப்பாட்டுக் காசு, வெளியில் வாங்கச் சொன்ன மருந்துக் காசு. ஒரு கிளினிக் நாளின் விலை ஒரு நாள் சம்பளத்தை விடப் பெரியது. இலவச வைத்தியம் என்று பெருமைப்படுகிறோம். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிய பிறகுதான் அது இலவசம்.

நோயாளி தவறினால் அலட்சியம் என்கிறோம், ஆஸ்பத்திரி தவறினால் நெருக்கடி என்கிறோம். 2022 மார்ச்சில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை போதனா வைத்தியசாலை வழக்கமான சத்திரசிகிச்சைகளை நிறுத்த வேண்டி வந்தது. டொலர் இல்லை, மருந்து இல்லை என்று நாடு முழுக்கப் புரிந்துகொண்டது. அவசரமில்லாத ஒப்பரேஷன் என்று பட்டியலில் பின்னால் தள்ளப்படுவதில் மூக்கும் ஒன்று. அப்போது காத்திருந்த நோயாளியை யாரும் பாராட்டவில்லை. கையில் காசில்லாத நாளில் அதே நோயாளி ஒரு கிளினிக் தவறினால் மட்டும் புரிந்துகொள்ள ஆளில்லை.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் கொடியது. ஸ்கேன் சரி, சுவர் நேர், ஆகவே அடைப்பு உன் மனத்தில் என்பது. மூக்கு திறந்திருப்பது ஒன்று, திறந்திருப்பதாக உணர்வது இன்னொன்று. மெந்தோல் கலந்த தைலத்தை முகர்ந்தால் மூக்கு சட்டென்று திறந்த மாதிரி இருக்கிறதே, அப்போது உள்ளே வழி ஒரு மயிரிழை கூட அகலமாவதில்லை. குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகள் தூண்டப்படுவதால் வரும் உணர்வு அது. அந்த நரம்பு முனைகள் மங்கினால், அல்லது ஈரம் தரும் மடிப்புகளை அளவுக்கு மிஞ்சி வெட்டிவிட்டால், வழி விசாலமாக இருந்தும் ஆள் மூச்சுக்குத் தவிப்பார். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் யூஜின் கெர்னும் மோனிகா ஸ்டென்க்விஸ்டும் 1994இல் இதற்கு வெற்று மூக்கு நோய் என்றே பெயர் வைத்தார்கள். அது அபூர்வம். ஆனால் ஸ்கேன் சரியாக இருக்கும்போதே ஒருவர் உண்மையாகத் தவிக்க முடியும் என்பதற்கு அது போதுமான சாட்சி.

கேட்க ஆளில்லாத தவிப்பு எங்கே போய் முடியும் என்பதைச் சீனா பார்த்தது. வென்லிங் நகரில் மூக்கு ஒப்பரேஷன் செய்துகொண்டு, அடைப்பு தீரவில்லை என்று திரும்பத் திரும்ப வந்தவரிடம் பரிசோதனையில் ஒரு குறையும் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2013 அக்டோபர் 25ஆம் திகதி அவர் கத்தியோடு ஆஸ்பத்திரிக்குள் புகுந்தார். காது மூக்கு தொண்டை வைத்தியர் ஒருவர் உயிரிழந்தார். அந்தக் கொலைக்கு எந்த நியாயமும் கிடையாது. நம் தோட்டத்துச் சனம் கத்தி தூக்குவதில்லை, பேசாமல் வீட்டுக்குப் போய்விடுகிறது. பேசாமல் போவதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று கணக்கு எழுதிக்கொள்கிறோம்.

கடைசியாக ஒன்று சொல்வார்கள். "விளக்கினாலும் இவங்களுக்கு விளங்காது." இதைச் சொல்பவர் ஒரு நாள் பெக்டரிக்கு வந்து பார்க்கட்டும். வாட்டத் தட்டில் கிடக்கும் கொழுந்தைக் கையில் அள்ளிப் பிசைந்து பார்த்து, இன்னும் எத்தனை மணி நேரம் காற்று வேண்டும் என்று சொல்கிறவர்கள் இவர்கள். காற்றும் ஈரமும் ஒரு மெல்லிய இலையை என்ன செய்யும் என்று இவர்களுக்குப் பாடம் நடத்தத் தேவையில்லை. மூக்குக்குள் இருக்கும் தோலுக்கும் அதேதான் நடக்கிறது என்று தமிழில் சொன்னால் விளங்காதா?

1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அதன் பிறகு பிறந்தவர்களுக்கே இப்போது பேரப்பிள்ளைகள் வரப்போகிறார்கள். டயக்னோசிஸ் கார்ட் இன்னும் ஆங்கிலத்தில் வருகிறது. சத்திரசிகிச்சைக்கு முன் அபாயங்களையும் மாற்று வழிகளையும் நோயாளிக்கு விளங்கும்படி சொல்வது வைத்தியரின் கடமை என்று பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2015இல் மொன்ட்கமரி வழக்கில் தீர்த்துச் சொன்னது. நோயாளியைத் திணறடிக்கும் தகவல்களைக் கொட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கினால் கடமை முடிந்ததாகாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. நம் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. நியாயம் என்னவோ எல்லா ஊருக்கும் ஒன்றுதான்.

வைத்தியர்களைத் திட்டுவது என் நோக்கமல்ல. கிளினிக் நாளில் வரிசை கதவுக்கு வெளியே நிற்கும்போது ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் ஒதுக்கச் சொன்னால் அது நடக்காத காரியம். இங்கே வேண்டியது அந்த அரை மணி நேரமும் அல்ல. ஒரு பக்கத் தாள் போதும், தமிழில். உங்களுக்குச் செய்யப்போவது இந்த வேலை. இதனால் இது தீரும், தும்மலும் மூக்கொழுகலும் தீராமல் போகலாம். ஸ்ப்ரேயை டொக்டர் நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள். அடிக்கும்போது தலையைச் சற்றுக் குனிந்து, வலது மூக்குக்கு இடது கையால், நடுச்சுவரில் படாமல் காதுப் பக்கமாகக் குறிவைத்து அடியுங்கள். கொதிக்க வைத்து ஆறிய கால் லீற்றர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்து மூக்கைக் கழுவுங்கள். உடனே திறக்கும் சொட்டு மருந்தைப் பார்மசியில் வாங்கி நாள்கணக்கில் விடாதீர்கள். இவ்வளவுதான். அக்காவுக்குக் கிடைக்காதது இந்த ஒரு தாள்தான்.

மற்றவை தோட்டத்தின் வேலை. பொருக்கு எடுக்க ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். ஆனால் ஸ்ப்ரே ஒழுங்காக அடிக்கிறாரா, போத்தல் தீர்ந்துவிட்டதா என்று பார்க்கத் தோட்டத்து டிஸ்பென்சரியில் இருக்கும் வைத்திய உதவியாளர் (ஈ.எம்.ஏ) போதும். கிளினிக் கொப்பியில் முத்திரை விழுந்த நாளுக்குப் பேர் போட வேண்டும். மூக்கில் ஒப்பரேஷன் செய்தவரை ஆறேழு கிழமைக்காவது சல்லடைக் காம்பராவுக்கு அனுப்பக்கூடாது. திரும்பப் போகும்போது தூசியை உறிஞ்சும் காற்றாடி ஓட வேண்டும், கையில் நல்ல மாஸ்க் இருக்க வேண்டும். குசினிக்கு ஒழுங்கான புகைபோக்கி வேண்டும். சம்பளப் பேச்சுக்கு மேசையில் உட்காரும் தொழிற்சங்கங்கள் இந்த நாலு விசயத்தையும் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்த்துக் கேட்கலாம். அதற்கு டொலர் தேவையில்லை.

நோயாளிகளுக்கும் ஒரு வார்த்தை. கையெழுத்துப் போடுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். எனக்கு இருப்பது வளைவா, வீக்கமா, வளர்ச்சியா? இந்த ஒப்பரேஷனால் எது தீராது? பிறகு எத்தனை காலம் மருந்து? பாஷை வராவிட்டால் படித்த பிள்ளையைக் கூட்டிப் போங்கள், டொக்டரையா கோபித்தாலும் பரவாயில்லை.

தாள் கையில் இருந்து, நாளுக்குப் பேரும் விழுந்து, தூசியும் புகையும் அடங்கிய பிறகு, அப்போதும் ஒருவர் அலட்சியத்தால் தன் மூக்கைக் கெடுத்துக்கொண்டால் தாராளமாகக் குறை சொல்லுங்கள், நானும் சேர்ந்து சொல்கிறேன். அதுவரை அந்தக் குறையைச் சொல்லும் தகுதி ஆஸ்பத்திரிக்கும் இல்லை, தோட்டத்துக்கும் இல்லை, டவுனில் இருக்கும் நமக்கும் இல்லை.